முன்னதிர்ச்சி அலை எந்தப் பக்கம் சுழல்கிறது? விண்கலத் தரவில் கண்டறியும் முறை

சூரியக் காற்று பூமியின் காந்தப்புலத்தில் மோதுவதால், சூரியன் இருக்கும் பக்கத்தில் சுமார் 13 முதல் 15 புவி ஆரத் தொலைவில் வில் அதிர்ச்சி முகப்பு உருவாகிறது. அதில் பட்டுத் தெறிக்கும் அயனிகளில் ஒரு பகுதி காந்தப்புலக் கோடுகளின் வழியே சூரியனை நோக்கித் திரும்பி ஓடும். முகப்புக்கு முன்னால் இப்படி அயனிகள் திரும்பி ஓடும் பகுதிதான் முன்னதிர்ச்சி. எதிரே வரும் காற்றோடு அவை வினைபுரிவதால் சுமார் 30 விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் காந்த அலைகள் வளர்கின்றன. இந்த அலைகளைத் தரவில் கண்டுபிடிப்பது எளிது. சுழலும் திசையைச் சொல்லும்போதுதான் பலர் தவறு செய்கிறார்கள்.

2015இல் ஏவப்பட்ட நாசாவின் நான்கு எம்எம்எஸ் கலங்களின் காந்தமானித் தரவு (விநாடிக்கு 8 அல்லது 16 அளவீடுகள்) போதும். பைதானில் பைஸ்பெடாஸ் நூலகம் வழியாக இறக்கிக்கொள்ளலாம். அயனி ஆற்றல் நிறமாலையையும் கூடவே எடுங்கள். 400 கிமீ/வி காற்றில் புரோட்டான்கள் 0.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகே மெல்லிய பட்டையாகத் தெரியும். அதற்கு மேலே, பல கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் இன்னொரு பரவலான பட்டை தெரிந்தால் கலம் முன்னதிர்ச்சிப் பகுதியில் இருக்கிறது. அடர்த்தியும் புலமும் சேர்ந்து திடீரென உயர்ந்தால் முகப்பைக் கடந்துவிட்டது. அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

எதிர்பார்க்கும் அதிர்வெண்ணை முதலிலேயே கணக்கிடுங்கள். நானோடெஸ்லாவில் உள்ள சராசரிப் புலத்தை 6ஆல் பெருக்கினால் மில்லிஹெர்ட்ஸில் தோராயமான விடை வரும். 5 நானோடெஸ்லாவுக்கு 30 மில்லிஹெர்ட்ஸ், அதாவது 33 விநாடி. பிறகு 10 நிமிடத் துண்டில் சாய்வை நீக்கி, ஹான் சாளரம் (துண்டின் இரு முனைகளையும் மெல்லப் பூஜ்யமாக்கும் எடை) போட்டு, ஃபூரியர் மாற்றம் செய்யுங்கள். எம்எம்எஸ் கலம் சுமார் 20 விநாடிக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவதால், காந்தமானியின் பூஜ்யப் பிழை 50 மில்லிஹெர்ட்ஸ் அருகே ஒரு போலி முகடாக வரலாம். புலம் மாறினாலும் அந்த முகடு நகராது. உண்மையான அலையின் முகடு நகரும்.

அடுத்தது குறைந்தபட்ச மாறுபாட்டு ஆய்வு, அதாவது புலம் மிகக் குறைவாக மாறும் திசையைத் தேடுவது. சராசரிப் புல வெக்டரை முதலில் சேமித்துவிட்டு 15 முதல் 60 மில்லிஹெர்ட்ஸ் வரை வடிகட்டுங்கள்; வடிகட்டிய பின் சராசரி காணாமல் போய்விடும். மூன்று முதல் ஐந்து சுழற்சிகளை எடுத்து, மூன்று கூறுகளின் இணைமாறுபாட்டு அணிக்கு ஐகன் மதிப்புகளைக் காணுங்கள். மிகச் சிறிய மதிப்புக்குரிய திசையே அலை செல்லும் கோடு. நடு மதிப்பு சிறியதைப் போல 10 மடங்காவது இருந்தால் நம்பலாம். பெரிய மதிப்பு நடு மதிப்பைவிட மிக அதிகமானால் புலம் சுழலாமல் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் ஏறி இறங்குகிறது. அதற்குச் சுழற்சித் திசை தேடாதீர்கள்.

மென்பொருள் தரும் மூன்று ஐகன் வெக்டர்கள் இடக்கை அமைப்பாகவும் வரலாம். அப்படியே வரைந்தால் சுழற்சி தலைகீழாகிவிடும். சிறிய வெக்டரைச் சராசரிப் புலத்தின் பக்கம் திருப்புங்கள். பெரியது குறுக்குப் பெருக்கல் நடு, சிறியதைத் தர வேண்டும். தராவிட்டால் நடு வெக்டரின் குறியை மாற்றுங்கள். இப்போது பெரிய, நடுக் கூறுகளை வரையுங்கள். புலம் நம்மை நோக்கி வரும் இந்தப் படத்தில் இடஞ்சுழி என்றால் வலக்கை அலை, வலஞ்சுழி என்றால் இடக்கை அலை.

பெரும்பாலும் இடக்கை என்றே வரும். உடனே அப்படி எழுதிவிடக் கூடாது. அலை சூரியனை நோக்கி நீந்துகிறது, ஆனால் காற்று அதைவிட வேகமாகப் பூமிப் பக்கம் அடித்துச் செல்கிறது. அதனால் கலத்தைக் கடக்கும் வரிசை தலைகீழாகி, வலக்கை அலை இடக்கையாகத் தோன்றுகிறது.

இதை உறுதிசெய்ய நான்கு கலங்களின் நேர வேறுபாடு தேவை. இதற்கு எம்எம்எஸ் உதவாது: 20 கிமீ இடைவெளியை 350 கிமீ/வி அலை 0.06 விநாடியில் கடந்துவிடும், அது ஒரே அளவீட்டு இடைவெளி. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான கிமீ விலகிப் பறந்த, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் நான்கு கிளஸ்டர் கலங்களின் தரவை எடுங்கள். அளந்த வேகத்திலிருந்து அதே திசையிலான காற்றின் வேகத்தைக் கழியுங்கள். பூமிப் பக்கம் 350இல் 400 போனால் மைனஸ் 50 கிமீ/வி. 5 நானோடெஸ்லா, கன சென்டிமீட்டருக்கு 5 துகள் என்றால் ஆல்ஃபன் வேகமும் (பிளாஸ்மாவில் காந்த அலைகள் செல்லும் அடிப்படை வேகம்) 49 கிமீ/வி, இரண்டும் பொருந்துகின்றன. குறி மைனஸ் என்பதால் சுழற்சியைத் திருப்பி வலக்கை என்று எழுதுங்கள். 30 விநாடி அலைக்கு அலைநீளம் சுமார் 10,500 கிமீ, காற்றோடு நகர்பவருக்கு அதிர்வெண் சுமார் 5 மில்லிஹெர்ட்ஸ். இது புரோட்டான் சுழல் அதிர்வெண்ணான (புலக் கோட்டைப் புரோட்டான் சுற்றும் வீதம்) 76 மில்லிஹெர்ட்ஸை நெருங்கினாலோ தாண்டினாலோ, கழித்தலில் குறி தவறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.