தண்ணீர் குறைந்தால் கரண்ட் பில் குறையும்: காரைக்குடி வீட்டில் செய்து பார்த்தது

தாறுமாறாகச் செலவு செய்பவனை 'பணத்தைத் தண்ணீராய் இறைக்கிறான்' என்பார்கள். செட்டிநாட்டில் அது கஞ்சனைப் பற்றிய பேச்சாகத்தான் இருக்க முடியும். என் அப்பத்தா அரிசி கழுவிய தண்ணீரை மாட்டுக்கும், முகம் கழுவிய தண்ணீரை முருங்கைக்கும் பிரித்து வைத்தவர். நான் போர்வெல் மோட்டார் வந்த பிறகு வளர்ந்தவன், சுவிட்சைத் தட்டியே பழகிவிட்டேன்.

எங்கள் வீட்டில் குடிநீர்க் கட்டணம் எவ்வளவு புழங்கினாலும் ஒரே தொகைதான். அதனால் மிச்சம் பிடிப்பதென்றால் அங்கே தேடிப் பயனில்லை. பணம் போகிற வழிகள் வேறு: மோட்டார் இழுக்கும் கரண்ட், கோடையில் லாரித் தண்ணீர், வெந்நீருக்கு கேஸ். தேவையான சாமான்கள் ஒரு நோட்டு, பத்து லிட்டர் வாளி, ஒரு பாட்டில் சொட்டு நீலம்.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், மோட்டார் போட்ட நேரத்தையும் அணைத்த நேரத்தையும் மட்டும் குறியுங்கள். ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் ஒரு யூனிட். தொட்டி நிரம்பி வழிந்தபின் தினம் 20 நிமிடம் சும்மா ஓடினால், இரண்டு மாத பில்லில் 20 யூனிட் வீண். 20 யூனிட்தானே என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால், அதற்கு முந்தைய யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சேர்த்து விலை ஏறும். விளிம்பில் நிற்கும் வீட்டுக்கு இந்த 20 பெரிய விஷயம். தொட்டி நிரம்பினால் கத்தும் அலாரம் எலக்ட்ரிகல் கடைகளில் மலிவாகவே கிடைக்கிறது. அதுவும் வேண்டாமென்றால், தொட்டி நிரம்ப ஆகும் நேரத்தை ஒருமுறை பார்த்து, போனில் மணி வையுங்கள்.

படி 2: கண்ணுக்குத் தெரியாத ஒழுகல்

குழாய் சொட்டுவது எல்லாருக்கும் தெரியும், வாஷர் மாற்றினால் நின்றுவிடும். ஏமாற்றுவது கழிவறையின் ஃப்ளஷ் தொட்டிதான். இரவு படுக்கும்முன் அதன் மூடியைத் திறந்து பத்துச் சொட்டு நீலம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யக்கூடாது. பிறகு கோப்பையில் நீலம் தெரிந்தால், அடியிலுள்ள ரப்பர் சரியாக மூடவில்லை என்று பொருள். எங்கள் வீட்டில் தெரிந்தது. எத்தனை மாதமாக அப்படி இருந்ததோ! மாடித் தொட்டி ஏன் சீக்கிரம் காலியாகிறது என்று பிளம்பரைக் கூப்பிட்டு, அவர் போரில் கோளாறு என்று சொல்லி, நானும் நம்பி... சரி, அதை விடுங்கள். கடைசியில் ஒரு ரப்பர் மாற்றினேன், அவ்வளவுதான்.

படி 3: ஃப்ளஷ் தொட்டியில் ஒரு பாட்டில்

பழைய தொட்டி என்றால் ஒரு தடவைக்குப் பத்து லிட்டர்வரை போகும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் மணலும் நிரப்பி, இறுக மூடி, மிதவையில் இடிக்காமல் உள்ளே நிறுத்துங்கள். நான்கு பேர் தினம் ஐந்து தடவை என்றால் 20 லிட்டர் மிச்சம். செங்கல் போடாதீர்கள், கரைந்து அடைத்துக்கொள்ளும். பாட்டில் வைத்தபின் இரண்டு தடவை ஃப்ளஷ் செய்ய வேண்டி வந்தால் எடுத்துவிடுங்கள்.

படி 4: குழாயும் ஆர்.ஓ.வும்

சமையலறைக் குழாயை முழுதாகத் திறந்து வாளி நிரம்பும் நேரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் ஏரேட்டர் என்ற சல்லடை மூடியைத் திருகி மாட்டலாம். உப்புத் தண்ணீர் உள்ள வீட்டில் அது அடைத்துக்கொள்ளும், அவ்வப்போது கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவையுங்கள்.

ஆர்.ஓ. கழிக்கும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, பாத்திரத்தின் முதல் அலசலுக்கும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை மட்டும் அதில் துடைக்காதீர்கள், உப்பு காய்ந்து வெள்ளை பூத்துவிடும். செடிகளுக்கும் தொடர்ந்து ஊற்ற வேண்டாம்.

படி 5: புரட்டாசியில் செய்ய வேண்டியது

முற்றம் வைத்த நம் பழைய வீடுகளில் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் நடுவில்தான் வந்து விழும். தாழ்வாரத்தின் கீழே அண்டாவையும் கிடாரத்தையும் வரிசையாக வைத்துவிட்டுப் பெண்கள் காத்திருந்த வீடுகள் இவை. மாடி வீட்டிலும் கணக்கு அதேதான்: ஆயிரம் சதுர அடி மேல்தளத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர். சேதாரம் போனாலும் பெரும்பகுதி கைக்கு வரும்.

2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது பல வீடுகளில் தோண்டிய குழி இப்போது மண் மூடிக் கிடக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்பே அதைத் திறந்து வண்டலை அள்ளி, ஜல்லியை அலசித் திரும்பப் போடுங்கள். அப்புறம் மாடியைக் கூட்டி, குழாய் வாயில் வலை கட்டுங்கள். முதல் மழை தூசியைக் கழுவிக்கொண்டு வரும், அதைப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். அடுத்த மழையிலிருந்து டிரம்மில் பிடித்து, துணி துவைக்க வைத்துக்கொள்ளலாம். உப்பில்லாத தண்ணீர் என்பதால் சோப்பு பாதிதான் செலவாகிறது, இது நான் எதிர்பார்க்காத லாபம். டிரம்மின் வாயில் பழைய வேட்டியை இரண்டாக மடித்து இறுக்கிக் கட்டுங்கள், கொசு இறங்காது.