பில்டர் காபி கசக்குதா? சர்க்கரைய அப்புறம் போடுங்க, மொதல்ல டிகாஷன டேஸ்ட் பண்ணுங்க

வீட்ல போடற பில்டர் காபி கசந்தா முக்கால்வாசி பேர் பண்றது இன்னொரு ஸ்பூன் சர்க்கரை, இல்லன்னா கூட கொஞ்சம் பால். அதுல கசப்பு மறையுமே தவிர போகாது. பால் சேக்கறதுக்கு முன்னாடி டிகாஷன அரை ஸ்பூன் எடுத்து நாக்குல வெச்சு பாருங்க. நல்ல டிகாஷனும் கசக்கத்தான் செய்யும், ஆனா முழுங்கினதும் அந்த கசப்பு போயிடும், வாசனை நிக்கும். கசப்பு தொண்டையிலயே ஒட்டிக்கிட்டு நாக்கு வறண்ட மாதிரி துவர்ப்பும் சேந்து வந்தா, தூள்லேர்ந்து எறங்கக் கூடாததும் எறங்கிடுச்சுன்னு அர்த்தம்.

தூள்ல சுடுதண்ணி பட்டா மொதல்ல எறங்கறது புளிப்பும் வாசனையும், அப்புறம் இனிப்பு, கசப்பும் துவர்ப்பும் கடைசியாத்தான் வரும். அதனால எவ்ளோ நேரம் தண்ணி தூளோட கெடக்குதுங்கறதுதான் பாதி விஷயம்.

அந்த நேரத்த முடிவு பண்றது அரவை. ஒரு தடவ கடையில ரொம்ப நைஸா அரைச்சு குடுத்துட்டாங்க, நானும் பாக்காம வாங்கிட்டு வந்து ராத்திரி பில்டர்ல போட்டு வெச்சேன், காலைல எழுந்து பாத்தா மேல் டப்பால பாதி தண்ணி அப்படியே நிக்குது, கீழ எறங்கினது கஷாயம் மாதிரி கசப்பு. அன்னிலேர்ந்து தூள வெரலுக்கு நடுவுல தேச்சு பாத்துதான் வாங்கறேன். மைதா மாதிரி வழவழன்னு இருந்தா வேணாம், ரவைய விட கொஞ்சம் மெலிசா, லேசா நறநறன்னு இருக்கணும். கடையில 'பில்டருக்கு, ரொம்ப நைஸ் வேணாம்'னு சொன்னாலே புரிஞ்சிக்குவாங்க.

எங்க வீட்டு அளவு, தூள் 20 கிராம், அதாவது கோபுரமா மூணு டேபிள்ஸ்பூன், தண்ணி 130 மில்லி. தூள் தன் எடைக்கு ரெண்டு மடங்கு தண்ணிய தானே குடிச்சிடும், அதனால கெடைக்கறது 90 மில்லி, மூணு டம்ளருக்கு சரியா வரும். டிகாஷன் பத்தலன்னு அதே தூள்ல மறுபடி தண்ணி ஊத்தி ரெண்டாம் டிகாஷன் எடுக்கற பழக்கம் நெறைய வீட்ல இருக்கு, நல்லதெல்லாம் மொதல் தடவையே எறங்கிட்டதால அதுல மிச்சம் இருக்கறது பெரும்பாலும் கசப்புதான். தூள கூட்டுங்க, தயவுசெஞ்சு ரெண்டாவது தடவ ஊத்தாதீங்க.

தண்ணி தளதளன்னு கொதிச்சதும் அடுப்ப அணைச்சிட்டு அரை நிமிஷம் விடுங்க. தூள் மேல அந்த கம்பி வெச்ச தட்ட சும்மா சமமா வெச்சா போதும், அழுத்தி குத்தாதீங்க. மொதல்ல தூள் நனையற அளவு கொஞ்சம் ஊத்துங்க, அது உப்பி நுரைச்சு வரும், அடங்கினதும் மீதிய மெதுவா சுத்தி ஊத்துங்க. பதினஞ்சு இருபது நிமிஷத்துல எறங்கிடணும். அரை மணி ஆகியும் தண்ணி நின்னா அரவை நைஸு, இல்ல ஓட்டை அடைச்சிருக்கு, வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பாத்தாலே தெரிஞ்சிடும். எவர்சில்வர் பில்டர்னா மேல் டப்பாவ காலியா அடுப்பு தீயில காட்டினா அடைப்பு கருகிடும், ஆறினதும் தட்டி கழுவிடலாம். மாறா தண்ணி அஞ்சு நிமிஷத்துல சர்ருன்னு ஓடிட்டா டிகாஷன் தண்ணியா புளிச்சு இருக்கும், அப்ப அரவைய ஒரு படி நைஸாக்கணும்.

இவ்ளோ பண்ணியும் கசந்தா கோளாறு தூள்லதான். காபி கொட்டைல அரபிகா, ரோபஸ்டான்னு ரெண்டு முக்கிய வகை இருக்கு. ரோபஸ்டால காபின், அதாவது தூக்கத்த விரட்டற அந்த சத்து, ஏறக்குறைய அரபிகாவ விட ரெண்டு மடங்கு, கசப்பும் தூக்கலா இருக்கும். பீபெரின்னு எழுதியிருந்தா மட்டும் நம்பிடாதீங்க, அது கொட்டையோட வடிவத்துக்குத்தான் பேரு, அரபிகா பீபெரியும் உண்டு ரோபஸ்டா பீபெரியும் உண்டு, கேட்டு வாங்குங்க. கொட்டை கன்னங்கரேல்னு எண்ணெய் மினுக்கா இருந்தா வறுக்கறப்பவே கசப்பு ஏறிடுச்சு, நீங்க தண்ணி சூட்ட கொறைச்சா கொஞ்சம் தணியும், அவ்ளோதான். மீடியம் வறுவல் கேளுங்க. காபித்தூளோட கலக்கற சிக்கரியும் (ஒரு செடியோட வேர வறுத்து அரைச்ச தூள்) கசக்கும், தண்ணிய இழுத்து வெச்சுக்கிட்டு எறங்கறதயும் லேட்டாக்கும். பாக்கெட்ல எத்தன சதவீதம்னு போட்டிருக்கும், காபி 51 சதவீதத்துக்கு கீழ போகக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. காபி 60, சிக்கரி 40-ன்னு குடிக்கறவங்க 80:20-க்கு மாறி பாருங்க, என் நாக்குக்கு அதுதான் சரியா இருக்கு.

இதெல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடாதீங்க, எதனால சரியாச்சுன்னே தெரியாம போயிடும். இன்னிக்கு அரவைய மாத்தினா அளவும் சூடும் அப்படியே இருக்கட்டும், நாளைக்கு அடுத்தது.

மிச்ச டிகாஷன சாயந்தரம் அடுப்புல வெச்சு கொதிக்க விடாதீங்க, அவ்ளோ பாத்து பாத்து எறக்கினதுல வாசனை பூரா போயி கசப்பு மட்டும் நிக்கும். டிகாஷன ஒரு கிண்ணத்துல ஊத்தி சுடுதண்ணி பாத்திரத்துக்குள்ள அஞ்சு நிமிஷம் வெச்சு எடுத்து, பொங்கற பால அது மேல ஊத்தி ஆத்துங்க.