பெறுபேற்றுக்கும் பீடத்துக்கும் நடுவில்: மலையகப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயர்தரப் பெறுபேறு வந்த அன்று எங்கள் தோட்டத்து லயத்தில் மூன்று வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள். மறுநாள் காலை, கொழுந்து பறிக்க ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அம்மா போனபோது கணக்கப்பிள்ளை ஐயாவே "என்ன, டாக்டரம்மாவோட அம்மா" என்று கூப்பிட்டாராம். அப்போது என் கையில் இருந்தது இசட் புள்ளியும் (பாடப் புள்ளிகளைச் சமப்படுத்திக் கணக்கிடும் தரப்புள்ளி) மாவட்ட நிலையும் மட்டும்தான். பீடத்தில் இடம் கிடைக்கத் தேவையான குறைந்த புள்ளி, அதாவது வெட்டுப்புள்ளி, வரவில்லை. பல்கலைக்கழக விண்ணப்பம்கூடக் கோரப்படவில்லை. மருத்துவபீட வாசலை நான் மிதிக்க அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

அந்தக் காலத்தில் நான் செய்த தவறுகளையும், பின்னால் வந்த தம்பி தங்கைகள் செய்யக் கண்ட தவறுகளையும் எழுதுகிறேன். பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: கேட்கக் கூச்சம். டவுன் பிள்ளைக்கு ஒரு அண்ணனோ மாமாவோ கெம்பஸ் போய் வந்திருப்பார். நோர்வூட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வளர்ந்த எனக்கு, குடும்பத்தில் நானே முதல் ஆள். யாரிடம் கேட்பது என்று தெரியாது. தெரிந்தாலும் "இதுகூடத் தெரியாதா" என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

வெட்டுப்புள்ளிக்கு முன்பே டாக்டர் ஆகிவிடுவது

பெறுபேறு வந்த வாரமே டியூஷன் வகுப்புக்காரர்கள் சந்தியில் பெனர் கட்டிவிடுவார்கள், படத்தோடும் பெயரோடும். அப்புறம் வெட்டுப்புள்ளி வந்து, தசமத்துக்குப் பின் மூன்றாவது இலக்கத்தில் தப்பிப் போனால் அந்தப் பிள்ளையின் நிலைமை என்ன? அப்படி இரண்டு மாதம் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த ஒரு தம்பியை எனக்குத் தெரியும். "வெட்டுப்புள்ளி வரட்டும், அப்புறம் கட்டுங்கள்" என்று பெற்றோர் தயங்காமல் சொல்லலாம்.

தெரிவு எப்படி நடக்கிறது என்று வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். மருத்துவ இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகிறது. 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி பிரிகிறது. மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை எனப் பட்டியலிட்ட 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அந்தப் பட்டியலில் உண்டு. கண்டியும் மாத்தளையும் இல்லை. அதனால் கண்டியில் இருக்கும் மாமா மகளின் புள்ளியோடு ஹட்டன் பிள்ளையின் புள்ளியை ஒப்பிட்டு அழுவதிலும் சிரிப்பதிலும் அர்த்தமில்லை. போன வருட வெட்டுப்புள்ளியை நம்புவதும் அப்படித்தான். அந்தந்த மாவட்டத்தில் கடைசியாக இடம் கிடைத்தவரின் புள்ளியே வெட்டுப்புள்ளி. அது வருடா வருடம் மாறும். நுவரெலியாவிலிருந்து கண்டிக்குப் போய் உயர்தரம் படித்தவர்கள், தாங்கள் எந்த மாவட்டத்துக்குள் கணக்கிடப்படுவோம் என்பதை பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் வாசித்தே ஆகவேண்டும். பக்கத்து வீட்டார் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

புள்ளி எல்லைக்கோட்டுப் பக்கம் நின்றால் புத்தகத்தை மூடாதீர்கள். மூன்று தடவை எழுத இடம் உண்டு. ஆனால் பெறுபேறு, விண்ணப்பம், வெட்டுப்புள்ளி என்று எல்லாம் முடிவதற்குள் அடுத்த பரீட்சை வாசலில் வந்து நிற்கும். காலமும் சொன்னபடி ஓடாது. 2022 உயர்தரம் 2023 தொடக்கத்தில்தான் நடந்தது. பெறுபேறு வர செப்டெம்பர் ஆனது. மீள்திருத்தத்துக்குப் போட்டவர்களும் அதன் முடிவுக்காக விண்ணப்பத்தைத் தள்ளிப்போட வேண்டாம். இரண்டையும் ஒன்றாகவே பாருங்கள்.

விருப்பப் பட்டியலில் கணக்குப் போடுவது

"பேராதனையை முதலில் போட்டால் கிடைக்காமல் போய்விடும், அப்புறம் மட்டக்களப்பும் போய்விடும்" என்று, விண்ணப்பத்தில் பீடங்களை வரிசையாக எழுதும் விருப்பப் பட்டியலைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தவறு. முதல் விருப்பத்துக்குப் புள்ளி போதாவிட்டால் அடுத்ததைப் பார்ப்பார்கள். மேலே எழுதியதால் கீழே உள்ளதில் உங்கள் உரிமை குறைவதில்லை. ஆகவே மனதுக்குப் பிடித்த ஒழுங்கிலேயே எழுதுங்கள்.

பிடித்த ஒழுங்கு என்றால் உண்மையிலேயே யோசித்த ஒழுங்கு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பெரும்பாலும் நோயாளிகளோடு தமிழில் பேசலாம். ஆனால் வீட்டுக்கு வர ஒரு முழு நாள் போய்விடும். பேராதனை நமக்குக் கிட்ட. ராகமைக்கும் கொழும்புக்கும் ரெயில் வசதி உண்டு, செலவு கூடும். நான் இதில் எதையும் யோசிக்கவில்லை. தெற்கே காலிக்குக் கிடைத்தபோது, அது எங்கே இருக்கிறது என்று அப்பா பாடசாலை வரைபடத்தில் தேடினார்.

மருத்துவத்தை மட்டும் எழுதி நிறுத்துவது இன்னொரு பெரிய தவறு. பல் மருத்துவம், கால்நடை மருத்துவம், யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் உள்ள சித்த மருத்துவம், இயன்மருத்துவம், மருந்தாளர் கற்கை, தாதியியல் என்று உயிரியல் பிரிவுக்கு வழி நிறைய. அவற்றை எழுதுவதால் மருத்துவ வாய்ப்பு ஒரு துளிகூடக் குறையாது. ஆனால் கிடைத்ததில் பதிவு செய்துவிட்டு மறுபடி பரீட்சை எழுத நினைப்பவர்கள், அதற்கான விதியைப் பதிவுக்கு முன்பே வாசிக்க வேண்டும்.

பெயரும் முகவரியும்

இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். நம் பிள்ளைகளை அதிகம் அலைக்கழிப்பது இதுதான்.

தோட்டத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் சிங்களத்தில் இருக்கும். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். ஒன்றில் செல்லையா, அடையாள அட்டையில் செல்லய்யா, பாடசாலைப் பதிவேட்டில் வெறும் முதலெழுத்து. என் சான்றிதழில் அப்பாவின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தாத்தாவின் பெயர் இருந்தது. பதிவு நாள் நெருங்கியபோதுதான் கவனித்தேன். பிரதேச செயலகத்துக்கு நாலு நடை, கிராம சேவகரிடம் இரண்டு நடை. ஒவ்வொரு நடைக்கும் அம்மாவுக்கு ஒரு நாள் பேர் (நாள் சம்பளம்) போச்சு. பெறுபேறு வந்த மறுவாரமே எல்லாப் பத்திரத்தையும் தரையில் பரப்பி, பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்தம் தேவையென்றால் காத்திருக்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

கடிதம் தோட்ட ஆபீசுக்கு வந்து, அங்கே மேசையில் கிடந்து, யாரோ ஒருவர் கையில் வந்து சேரும் கதை நமக்குப் புதிதில்லை. டவுனில் நம்பிக்கையான ஒருவரின் முகவரி கிடைத்தால் அதைக் கொடுக்கலாமா என்று பாடசாலையில் கேளுங்கள். மின்னஞ்சலை கொமியூனிகேஷன் கடைக்காரர் திறந்து கொடுத்தால் கடவுச்சொல்லை அங்கேயே கொப்பியில் எழுதி வாங்குங்கள். அது தெரியாமல் பதிவுக் கடைசி நாளில் கடை பூட்டிக் கிடக்க, படியில் உட்கார்ந்து அழுத தங்கை ஒருத்தி உண்டு. விண்ணப்பத்தில் கொடுத்த சிம்மை பீடம் போய்ச் சேரும்வரை மாற்றாதீர்கள். குறித்த நாளுக்குள் பதியாவிட்டால் இடம் கைவிட்டுப் போகும்.

ஆங்கிலத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவது

என் மிகப் பெரிய தவறு இது. அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

காத்திருந்த காலத்தில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக் கொடுத்தேன். என் வகுப்புப் பையன்கள் சிலர் புறக்கோட்டைக் கடைகளுக்கு வேலைக்குப் போனார்கள். இரண்டும் நல்லதுதான், வீட்டுக்குப் பணம் வேண்டும். ஆனால் மருத்துவபீடத்தில் எல்லாமே ஆங்கிலம் என்று தெரிந்தும் அதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்கவில்லை. "பீடத்தில் ஆங்கில வகுப்பு வைப்பார்கள்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டேன். வைத்தார்கள். அது போதவில்லை.

உடற்கூறியல் கூடத்தில் இரண்டாவது வாரம். ஆசிரியர் திறந்த வயிற்றுக்குள் முதுகெலும்பின் வலப்பக்கமாக மேலே ஏறும் ஒரு தடித்த குழாயைக் காட்டி, என்னைப் பார்த்து "இது என்ன?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கீழ்ப்பெருநாளம். எனக்குத் தெரியும். கால், வயிறு எல்லாவற்றிலிருந்தும் இரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுபோவது. நூறு தடவை வரைந்து பெயர் குறித்திருக்கிறேன். வாயில் தமிழ்ப் பெயர் நிற்கிறது, ஆங்கிலப் பெயர் வரவே இல்லை. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவளிடம் கேட்டார். "இன்ஃபீரியர் வீனா கேவா" என்று அவள் சொன்னாள். அன்று இரவு விடுதியில் சாப்பிடவில்லை.

மறுநாள் ஒரு சீஆர் கொப்பி வாங்கி நடுவில் கோடு போட்டேன். இடப்பக்கம் கீழ்ப்பெருநாளம், சதையி, செங்குழியம். வலப்பக்கம் அவற்றின் ஆங்கிலப் பெயர். ஒரு நாளைக்குப் பத்து. நான்கு மாதத்தில் கொப்பி நிரம்பியது, பாடமும் பிடிபட்டது. அதை ஒரு வருடம் முந்தியே வீட்டுத் திண்ணையில் இருந்து செய்திருக்கலாம். தேசிய கல்வி நிறுவகத்தின் உயிரியல் வளநூல் ஆங்கிலத்திலும் இருக்கிறது. நீங்கள் தமிழில் கரைத்துக் குடித்த அதே பாடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் வசனம் தானாகவே புரியும். இதைவிட நல்ல ஆங்கில வகுப்பை நான் காணவில்லை.

சிங்களமும் அப்படித்தான். பேராதனை, காலி, ராகமை எங்கே போனாலும் வார்டில் நோயாளியிடம் எங்கே வலிக்கிறது, எப்போதிலிருந்து என்று கேட்க வேண்டும். கடைத்தெருச் சிங்களம் நம்மில் பலருக்கு வரும். அதைக் கொஞ்சம் எழுதவும் வாசிக்கவும் பழகினால் பெரிய உதவி.

அவசரத்தில் ஏஜென்சியிடம் போவது

காத்திருப்பு நீள நீள, வெளிநாட்டு மருத்துவக் கல்லூரி என்று யாராவது கதவைத் தட்டுவார்கள். சேமலாப நிதியை எதிர்பார்த்துக் கடன் வாங்கி முற்பணம் கட்டிய குடும்பங்கள் உண்டு. இலங்கை மருத்துவச் சபை அந்தக் கல்லூரியை ஏற்றிருக்கிறதா என்று முதலில் சபையிடமே கேளுங்கள். படித்து வந்த பிறகும் இங்கே வேலை செய்யச் சபையின் பரீட்சையில் தேற வேண்டும். ஏஜென்சிக்காரர் இதைச் சொல்லாவிட்டால் அதுவே உங்களுக்குப் பதில்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது

படிப்புக்குக் கட்டணம் இல்லை என்றதும் வீட்டில் நிம்மதி வந்துவிடும். ஐந்து வருடச் சாப்பாடு, பஸ், போட்டோகொப்பி யார் கணக்கிலும் இருக்காது. மஹாபொல புலமைப்பரிசிலுக்கும், அது கிடைக்காதவர்களுக்கான உதவுதொகைக்கும் குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும்; சம்பளச் சிட்டைகளை வீசாமல் சேர்த்து வையுங்கள். கிடைத்தாலும் முதல் மாதமே கைக்கு வராது. மூன்று நான்கு மாதத்துக்கு ஆகும் செலவை அம்மா அப்பாவோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். நான் கேட்கவில்லை; அம்மா சொல்லாமல் காதுத் தோட்டை அடகு வைத்தார்.

புத்தகம் எல்லாவற்றையும் புதிதாக வாங்காதீர்கள். நூலகம் இருக்கிறது, எலும்பு செட் சீனியர்களிடம் கிடைக்கும்.

ஊர் மாறும்போது

ஹட்டனில் ஏறி, கோட்டையில் இறங்கி, காலி ரெயிலுக்கு மாறியபோது என் பையில் இரண்டு ஸ்வெட்டர் இருந்தன. நுளம்பு வலை இல்லை. குளிரில் வளர்ந்த நமக்கு நுளம்பைப் பற்றிய நினைப்பே வராது. காலி, கொழும்பு, யாழ்ப்பாணம் எங்கும் டெங்கு உண்டு. வலையை முதலில் வையுங்கள், பருத்தி உடுப்பு கூடுதலாக. விடுதி கிடைக்குமா என்று பதிவின்போதே கேளுங்கள். போடிங் (வெளியே வாடகை அறை) என்றால் ஒரு நாள் முந்திப் போய், தண்ணீர், பூட்டு, இரவில் பீடத்திலிருந்து நடந்து வரும் பாதை மூன்றையும் கண்ணால் பார்த்த பிறகு முற்பணம் கொடுங்கள்.

பகிடிவதை பற்றி வீட்டில் "பணிந்து போ, பிரச்சினை வேண்டாம்" என்றுதான் சொல்லி அனுப்புவார்கள். 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம். மனதையோ உடம்பையோ நோகடிக்கும் எதுவும் நடந்தால் அன்றைக்கே மாணவர் ஆலோசகரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். "நான் தோட்டத்துப் பிள்ளை" என்று சொல்லவும் தயங்காதீர்கள். நான் முதல் மூன்று மாதம் "நுவரெலியா" என்று மட்டும் சொல்லி வந்தேன். அதே பெட்ச்சில் பதுளைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த ஒரு பெண்ணும் அப்படியே மறைத்திருக்கிறாள். ஒருநாள் இரவு அவள் வீட்டுக்குப் போன் எடுத்து "கொழுந்து எத்தனை கிலோம்மா இன்னைக்கு" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அந்த வருடம் முழுவதும் நாங்கள் இருவரும் ஒரே மேசையில் படித்தோம்.

அந்த சீஆர் கொப்பி இப்போது பொகவந்தலாவையில் காத்திருக்கும் ஒரு தங்கையிடம் இருக்கிறது. போன வாரம் போன் எடுத்து, முப்பதாம் பக்கத்தில் என் கையெழுத்து விளங்கவில்லை என்றாள்.