பூக்கும் வீட்டுச் செடிகளுக்குச் சமையலறைக் கழிவிலிருந்து உரம்

வாழைப்பழத் தோலையும் முட்டை ஓட்டையும் அப்படியே தொட்டி மண்ணில் புதைத்துவிட்டுப் பூவுக்காகக் காத்திருப்பவர்கள் பலர். அவற்றில் சத்து இருப்பது உண்மைதான். ஆனால் அதன் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் சிதைத்து, நீரில் கரையும் வடிவுக்கு மாற்றிய பிறகே வேர்களால் உறிஞ்ச முடியும். தோட்ட மண்ணில் மண்புழுக்களும் பூஞ்சைகளும் சேர்ந்து செய்யும் அந்த வேலை, வீட்டுக்குள் இருக்கும் சிறிய தொட்டியில் மிக மெதுவாகவே நடக்கும். அதற்குள் கழிவு அழுகி நாற்றமெடுக்கும். ஈர மண்ணில் சிறு கறுப்பு ஈக்கள் பெருகி, அவற்றின் புழுக்கள் இளம் வேர்களைக் கடிக்கும். எனவே கழிவைத் தனியே மக்கவைத்து, பிறகு செடிக்குக் கொடுப்பதே சரியான முறை.

இதற்கு மூடியுள்ள ஒரு வாளி போதும். அதன் அடியிலும் பக்கங்களிலும் சிறு துளைகள் இட்டு, கீழே ஒரு தட்டை வையுங்கள். காய்கறித் தோல், பழத்தோல், காப்பித்தூள் சக்கை, தேயிலைச் சக்கை ஆகியவற்றைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, ஒரு கைப்பிடி ஈரக் கழிவுக்கு இரண்டு அல்லது மூன்று கைப்பிடி காய்ந்த இலையையோ கிழித்த அட்டைத் துண்டுகளையோ சேர்க்க வேண்டும். நுண்ணுயிர்கள் நன்றாக இயங்க, கலவையில் 1 பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு வரை கரிமம் (கார்பன்) தேவைப்படுகிறது. அந்தக் கரிமம் பெரும்பாலும் காய்ந்த பொருள்களிலிருந்தே கிடைப்பதால், அவற்றைக் குறைக்கக் கூடாது. கலவை, பிழிந்த பஞ்சு அளவுக்கு ஈரமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை வந்தால் காய்ந்த பொருள் போதவில்லை என்று பொருள். அழுகல் நாற்றம் வந்தால் காற்றோட்டம் இல்லை. இறைச்சி, மீன், பால் பொருள்கள், எண்ணெயும் உப்பும் சேர்ந்த சமைத்த உணவு ஆகிய எதையும் இதில் சேர்க்காதீர்கள். வெப்பநிலையைப் பொறுத்து இரண்டு முதல் நான்கு மாதங்களில் கலவை கருமையாகி, உதிர்ந்து, மண் மணம் வீசும். போட்ட கழிவு இன்னதென்று இன்னும் அடையாளம் தெரிந்தால் அது முடிந்த உரம் அல்ல.

சலித்த உரத்தைத் தண்டில் படாமல் மண்ணின் மேல் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பலாம். திரவமாகக் கொடுப்பதானால், ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு நீரில் கலக்கி, ஓர் இரவு வைத்து, வடிகட்டி, அன்றே ஊற்றிவிட வேண்டும். சேமித்து வைத்தால் கெட்டுவிடும். மண் ஏற்கெனவே ஈரமாக இருக்கும்போது ஊற்றுவதே வேருக்குப் பாதுகாப்பு. மரப்பட்டையில் வளரும் ஆர்க்கிட்டுகளுக்கு மேலே உரம் பரப்பினால் வேர்கள் மூச்சுத் திணறும். அவற்றுக்கு இந்தக் கரைசலை மேலும் நீர்த்துக் கொடுப்பதே போதும்.

பழத்தோல் ஊறிய நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாம்பல் சத்து (பொட்டாசியம்) நீரில் கரையக்கூடியது என்பதால் அதில் ஓரளவு இறங்கும். தழைச்சத்தோ ஏறக்குறைய இல்லை. தனித்த உரமாக அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; தோலை வாளியில் போடுவதே மேல். முட்டை ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் ஆகும். நொறுக்கிப் போட்டால் பல மாதங்கள் அப்படியே கிடக்கும்; மாவாக அரைத்துப் போட்டால்தான் சிறிதளவாவது பயன் தரும். அமில மண்ணை விரும்பும் அசேலியா, கார்டீனியா போன்றவற்றுக்கு அதையும் தவிர்ப்பது நல்லது. காப்பிச் சக்கையை மண்ணின் மேல் தடிமனாகப் பரப்பினால் அது இறுகி, நீரை உள்ளே விடாது.

இலைகள் செழித்தும் மொட்டு வராவிட்டால் உரத்தைக் கூட்டாதீர்கள். மிகுந்த தழைச்சத்து செடியை இலை வளர்ச்சிக்கே தள்ளும். அதைவிடவும் அடிக்கடி காணப்படும் காரணம் வெளிச்சக் குறைவு. முதலில் தொட்டியை ஜன்னலருகே நகர்த்திப் பாருங்கள்.

செடி புதிய இலையோ மொட்டோ விடும் காலத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை கரைசல் கொடுத்தால் போதும். வளர்ச்சி நின்றிருக்கும் பருவத்தில் நிறுத்திவிடுங்கள்; தொட்டி மாற்றிய செடிக்கும் ஓரிரு மாதங்கள் உரம் வேண்டாம். மண்ணின் மேல் வெள்ளை உப்புப் படிவும் இலை நுனியில் பழுப்பும் தெரிந்தால் சத்து மிகுந்திருக்கலாம். அப்போது தொட்டியின் அடித்துளை வழியே நீர் தாராளமாக வடியும்படி பலமுறை வெறும் நீரை ஊற்றிக் கழுவி, தட்டில் தேங்கியதை உடனே கொட்டிவிட வேண்டும்.