திறந்த படகுக்கு ஏற்ற சப்வூஃபர் பெட்டி

காரில் நெஞ்சை அதிரவைத்த சப்வூஃபரை, அதாவது தாழ்ந்த ஒலிகளுக்கான ஸ்பீக்கரை, கழற்றி, முட்டுக்காட்டிலோ பழவேற்காட்டிலோ ஓடும் திறந்த படகில் பொருத்துகிறவர்கள், அது அங்கே ஓசையடங்கிப் போவதைக் கண்டு ஸ்பீக்கரையும் ஆம்ப்ளிஃபயரையும் குறை கூறுவதுண்டு. குறை அவற்றில் இல்லை. கண்ணாடி ஏற்றிய காரின் சிறிய உள்வெளி, ஏறத்தாழ 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போக ஒலியைத் தானே உயர்த்திக் கொடுக்கிறது. கூரையற்ற படகில் அந்த உதவி கிடைக்காது; வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் 6 டெசிபல் வேறு குறைந்துவிடுகிறது.

இதனால்தான், இருக்கைக்கு அடியில் இடம் இருக்குமானால், ஏறக்குறைய 40 ஹெர்ட்ஸுக்குச் சுருதி சேர்த்த போர்ட் பெட்டியையே, அதாவது காற்று வந்துபோகக் குழாய் போன்ற திறப்பு உள்ள பெட்டியையே, நான் பரிந்துரைக்கிறேன். அந்தச் சுருதியை ஒட்டிய ஒலிகளில் அது மூடிய பெட்டியைவிடச் சுமார் 3 டெசிபல் கூடுதலாகத் தரும். அதே உயர்வை ஆம்ப்ளிஃபயரால் பெற வேண்டுமானால் அதன் ஆற்றலை இரட்டிப்பாக்க வேண்டும், அந்தச் சுமை முழுவதும் படகின் பேட்டரி மேல்தான் விழும். ஆனால் சுருதிக்குக் கீழே ஸ்பீக்கரின் கூம்பைத் தாங்கிப் பிடிக்கும் காற்றழுத்தம் இல்லாமல் போவதால், அது கட்டுப்பாடின்றி ஆடிச் சேதமடையக்கூடும். ஆகவே மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் சப்சானிக் ஃபில்டர் ஆம்ப்ளிஃபயரில் அவசியம் இருக்க வேண்டும். போர்ட்டின் வாயை அலை தெறிக்கும் பக்கம் வைக்காமல், புகுந்த நீர் வெளியே வடியுமாறு கீழ்நோக்கிச் சற்றே சாய்த்து அமையுங்கள்.

இடம் குறைவாக இருந்தாலோ, நீர் ஓயாமல் தெறிக்கும் படகாக இருந்தாலோ, மூடிய பெட்டியே ஏற்றது.

பெட்டியே இல்லாமல் இருக்கையின் பலகையில் துளையிட்டுப் பொருத்தும் முறையும் உண்டு. அதற்கென்றே செய்யப்பட்ட ஸ்பீக்கராக இருக்க வேண்டும். பின்புற அறையும் காற்றுக் கசியாததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூம்பின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியை அழித்துவிடும். பெட்ரோல் ஆவி தேங்கும் எஞ்சின் அறையிலும், ஃபைபர் படகை மிதக்கவைக்கும் காற்றறையிலும் எக்காரணம் கொண்டும் துளையிடாதீர்கள். இசைக்காக உயிரைப் பணயம் வைக்கக் கூடாது.

கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டிகளில் பல, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையால் ஆனவை, சென்னையின் உப்புக் காற்றில் அப்பலகை ஈரம் குடித்து ஊதிவிடும். ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை வாங்கி, உள்ளும் புறமும், குறிப்பாக அறுத்த விளிம்புகளிலும் திருகுத் துளைகளிலும், எபாக்ஸி பூசுங்கள். ரிச்சி தெருவில் ஸ்பீக்கர் வாங்கும்போது பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ளதா என்று பாருங்கள். திருகுகள் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும்.

பெட்டியைத் திருகிப் பொருத்தும் முன், தரையும் பக்கச்சுவரும் சேரும் மூலைகளில் மாற்றி மாற்றி வைத்துக் கேட்டு, ஒலி நிறைவாக இருக்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். படகில் திசைகாட்டி இருந்தால், ஸ்பீக்கரின் காந்தம் அதன் முள்ளைத் திருப்பிவிடாத தூரத்தில் அந்த இடம் இருக்க வேண்டும்.