சுவர் வரைபடத்தில் முட்டிக்கொள்ளும் ஊர்ப்பெயர்கள்

பெயர் நெரிசல் என்றால் என்னவென்று தெரிய, கும்பகோணத்துக் கோயில் ஊர்களை ஒரு பெரிய தாளில் குறித்துப் பாருங்கள். 1:1,00,000 அளவில் ஒரு கிலோமீட்டருக்குத் தாளில் கிடைப்பது ஒரு செ.மீ. தாராசுரத்துக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே சில செ.மீ.தான். திருநாகேஸ்வரமும் உப்பிலியப்பன் கோயிலும் இன்னும் நெருக்கம். 14 பாயின்ட் எழுத்தளவில் 'உப்பிலியப்பன் கோயில்' என்ற பெயர் மட்டுமே 5 செ.மீ.க்கு மேல் ஓடும்.

உடனே எழுத்தைச் சிறிதாக்குகிறோம். பெரிய தப்பு அதுதான். 7 பாயின்டுக்கு இறக்கினால் பெயர்கள் இடிக்காது, சரி. ஆனால் சுவரில் மாட்டியதை யார் மூக்கை ஒட்டிப் படிக்கப்போகிறார்கள்? நாலடி தள்ளி நின்றால் மெய்யெழுத்தின் புள்ளி இருக்கிறதா என்றே தெரியாது. முதலில் பெயரை நகர்த்துங்கள். ஊர்ப்புள்ளிக்கு வலப்பக்கம், சற்று மேலே என்பதுதான் வழக்கமான இடம். சுவிஸ் வரைபடக் கலைஞர் எடுவார்ட் இம்ஹோஃபும் அதையே விரும்பினார். தாராசுரத்துக்கு அது ஒத்துவராது, கும்பகோணத்தின் மேல் போய் விழும். இடப்பக்கம் எழுதிவிட்டால் தொல்லையில்லை. உப்பிலியப்பன் கோயிலை இரண்டு வரியாக்கலாம். ஆனால் வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைத்த அளவிலேயே விட்டால், மேல்வரி எழுத்துகளின் அடியும் கீழ்வரியின் இகரக் கொக்கியும் உரசக்கூடும்.

ஆற்றுப் பெயரை நீட்டி எழுதுவது இன்னொரு ஆசை. ஆங்கில வரைபடங்களில் எழுத்தெழுத்தாகப் பரப்புவார்கள், அங்கே அழகாக இருக்கும். 'காவிரி'யை அப்படிப் பரப்பினால் கால் தனியே நின்று, தூரத்திலிருந்து 'கரவிரி' என்று படிக்கத் தோன்றும். பரப்பாமல், ஆற்றின் போக்கில் இரண்டு மூன்று இடங்களில் திரும்ப எழுதுவது மேல்.

எழுத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் வைப்பது நல்லதுதான். தடிமனாக வைத்தால் பக்கத்துப் பெயரையும் சாலையையும் தின்றுவிடும்.

கியூஜிஐஎஸ் (QGIS) போன்ற வரைபட மென்பொருளில் வேறொரு கண்ணி: இடம் கிடைக்காத பெயரைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். எல்லாப் பெயரையும் காட்டு என்று அமைத்தால் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்கும். எது கட்டாயம் வேண்டும் என்று முன்னுரிமை கொடுத்துவிட்டு, விடுபட்டவற்றைத் தேடிப் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் விட்டேன். தாலுகா தலைநகரே இல்லாத வரைபடம் அச்சாகி வந்தது.

அப்புறம், திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நெரிசலான பகுதியை மட்டும் ஏ4 தாளில், 100 சதவீத அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். அச்சகத்திலும் 'தாளுக்குள் பொருத்து' என்ற வசதியை அணைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஏ0 வரைபடம் ஏ1 தாளில் அடங்கினால், 14 பாயின்ட் 10 பாயின்டாகத்தான் வந்து சேரும்.