ராவுல தனியா வரக்குள்ள கையில என்ன வெச்சிருக்கலாம்?

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தால டியூஷன் முடிஞ்சு வாற புள்ளைகள் சிலது மிளகாத்தூள் சரை கட்டிக்கொண்டு திரியுதுகள், அங்க அடிக்கிற காத்துக்கு அது நம்மட கண்ணுலதான் விழும்கா, மிளகு ஸ்ப்ரேயும் அப்பிடித்தான், காத்துக்கு முதுகக் காட்டி நிண்டு அடிச்சாத்தான் சரி. கத்தி வேணவே வேணாம், பறிச்சு உங்களுக்கே குத்திருவான். நான் சொல்றது விசிலும் சின்ன டோர்ச்சும், இருட்டுல அவன்ட கண்ணுக்கு நேரா டோர்ச்ச அடிச்சா ஒருக்கா கூசும், அந்த இடைவெளிக்குள்ள வெளிச்சமுள்ள கடைப்பக்கம் ஓடி பொலிஸ் 119க்கு கோல் அடிங்க. மறுகா சட்டம்: நம்மட இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில 89லிருந்து 99ம் பிரிவு வரைக்கும் தற்காப்பு உரிமை கிடக்கு, ஆனா தேவைக்கு மிஞ்சி அடிக்கேலாது, விழுந்து கிடக்கிறவன மிதிச்சா கேஸ் உங்கட பக்கம் திரும்பிரும். விசில் பேக்குக்குள்ள இல்ல, திறப்புக் கோர்வையில கொழுவுங்க.